ஒருமுறை பயன்படுத்தும் குழந்தை அணையாடை

ஒருமுறை பயன்படுத்தும் அணையாடை என்பது, கழிவறைப் பழக்கம் ஏற்படாத கைக்குழந்தைகளின் சிறுநீரையும் மலத்தையும் உள்வாங்கித் தேக்கிவைத்து, ஒரு தடவை பயன்படுத்திய பின் கழித்துவிடப்படும் உள்ளாடை ஆகும். தமிழில் இது பொதுவாக டயப்பர் என்றே அழைக்கப்படுகிறது. பாம்பர்ஸ் என்ற வணிகப் பெயரும் பேச்சுவழக்கில் எல்லா நிறுவனத் தயாரிப்புகளையும் குறிக்கும் பொதுப்பெயராக வழங்குகிறது. பிரித்தானிய ஆங்கில வழக்கைப் பின்பற்றி நாப்பி என்று சொல்வோரும் உள்ளனர்.

குழந்தையின் தோலை ஈரமின்றி வைத்திருத்தல், கிருமித் தொற்றுப் பரவலைக் குறைத்தல், துணி துவைக்கும் வேலையைக் குறைத்தல் ஆகியன இதன் முதன்மையான நன்மைகள். தொடர்ச்சியான செலவு, மக்காத குப்பை, உரிய நேரத்தில் மாற்றாவிட்டால் ஏற்படும் தோல் பாதிப்பு ஆகியன இதன் குறைகள்.

முன்னைய வழக்கம்

தமிழர் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பழைய பருத்தி வேட்டியையும் சேலையையும் கிழித்துத் துவைத்து, மென்மையான துண்டுகளாக்கிப் பயன்படுத்துவது நெடுநாளைய வழக்கம். பலமுறை துவைக்கப்பட்ட பருத்தித் துணி மென்மையாகவும் நீரை உறிஞ்சக்கூடியதாகவும் இருப்பதால் புதுத் துணியைவிடப் பழந்துணியே விரும்பப்பட்டது. முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சிடுவதும், குழந்தைக்கு அடியில் மட்டும் விரித்து வைப்பதும், தூளியில் இரண்டு மூன்று மடிப்பாக இடுவதும் உண்டு. துணி நனைந்தவுடன் மாற்றப்பட்டதால் குழந்தையின் தோலுக்குக் காற்றோட்டம் கிடைத்தது. ஆனால் பிறந்த குழந்தை ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேலும் சிறுநீர் கழிக்கக்கூடும் என்பதால், நாள்தோறும் ஒரு வாளி நிறையத் துணி சேர்ந்தது. பெரும்பாலான வீடுகளில் இவற்றை அலசித் துவைத்துக் காயவைக்கும் பொறுப்பு தாய், பாட்டி போன்ற பெண்களிடமே இருந்தது.

வரலாறு

துணிக்குப் பதிலாகக் காகித இழையைப் பயன்படுத்தும் முயற்சி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பருத்தித் தட்டுப்பாட்டை ஒட்டித் தொடங்கியது. 1942 ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த பாலிஸ்ட்ரோம் என்ற காகித நிறுவனம், மரக்கூழிலிருந்து பெறப்பட்ட செல்லுலோசு தாள்களை அடுக்கி உறிஞ்சு திண்டுகளைத் தயாரித்தது.

பிரித்தானியாவில் வலேரி அண்டர் கார்டன் என்ற பெண்மணி 1940களின் இறுதியில் பாடி என்ற பெயரில் இரண்டு பகுதிகளைக் கொண்ட அணையாடையை உருவாக்கினார். நீர் கசியாத வெளிப்பகுதியைத் திரும்பவும் பயன்படுத்தலாம். உள்ளே வைக்கும் திண்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் கழித்துவிடலாம். அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் மேரியன் டோனவன், குளியலறைத் திரைத் துணியைத் தைத்துப் பார்த்து, போட்டர் என்ற நீர் கசியா மேலுறையை உருவாக்கினார். ஊக்குகளுக்குப் பதிலாக அழுத்துப் பொத்தான்களை அவர் பயன்படுத்தினார். இது 1949 இல் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தது. 1951 இல் காப்புரிமை கிடைத்தது. முழுவதும் காகிதத்தால் ஆன அணையாடையைத் தயாரிக்கும் அவருடைய எண்ணத்தை அன்றைய உற்பத்தியாளர்கள் ஏற்கவில்லை.

பெருமளவு உற்பத்திக்கு வழிவகுத்தவர் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்சு. தம் பேரக்குழந்தைக்குத் துணி மாற்றும் வேலையை விரும்பாத அவர், தம் குழுவினரை இத்துறையில் ஆய்வு செய்ய வைத்தார். பாம்பர்ஸ் 1961 இல் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்திலுள்ள பியோரியா நகரில் சோதனை விற்பனைக்கு வந்தது. தாய்மாருக்குப் பொருள் பிடித்திருந்தும் விலை கூடுதலாக இருந்ததால் முதலில் விற்பனை சரியாக அமையவில்லை. விலை குறைந்த பின்னரே அது பரவியது. கிம்பர்லி கிளார்க் நிறுவனத்தின் அக்கீஸ் 1978 இல் அறிமுகமானது.

அக்கால அணையாடைகள் மரக்கூழ்ப் பஞ்சை மட்டும் நம்பியிருந்ததால் தடிமனாகவும் எளிதில் கசிவனவாகவும் இருந்தன. இக்குறையைத் தீர்த்தது மீயுறிஞ்சு பலபடி என்ற வேதிப்பொருள். மாவுச்சத்தை அடிப்படையாகக் கொண்ட இவ்வகைப் பொருளொன்றை அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. அந்த ஆய்வுக்கூடமும் பியோரியா நகரிலேயே இருந்தது. 1980களில் இவ்வகைப் பலபடிகள் அணையாடைகளில் இடம்பெற்றபின் அவற்றின் தடிமன் வெகுவாகக் குறைந்தது.

அமைப்பு

இன்றைய அணையாடை பல அடுக்குகளைக் கொண்டது.

மேலடுக்கு: குழந்தையின் தோலைத் தொடும் பகுதி. பாலிப்புரோப்பிலீன் இழைகளை நெய்யாமல் ஒட்டிச் செய்யப்படுகிறது. இது ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே அனுப்பிவிடும்.

பரப்பும் அடுக்கு: ஓரிடத்தில் வேகமாக விழும் சிறுநீரைப் பரவலாக்கி உள்ளே அனுப்பும்.

உறிஞ்சும் நடுப்பகுதி: மரக்கூழ்ப் பஞ்சும் மீயுறிஞ்சு பலபடித் துகள்களும் கலந்தது.

வெளியடுக்கு: பாலியெத்திலீன் படலம். நீரை வெளியே விடாமல் தடுக்கும். பல தயாரிப்புகளில் நீராவி மட்டும் வெளியேறும் வகையில் நுண்துளைகள் இருக்கும்.

இவை தவிரத் தொடைப் பகுதியில் மீள்பட்டிகளும், இடுப்பில் ஒட்டுப் பட்டைகளும் உண்டு. சிலவற்றில் நடுவே மஞ்சள் நிறக் கோடு ஒன்று இருக்கும். ஈரம் பட்டதும் அது நீலமாகவோ பச்சையாகவோ மாறி, மாற்றவேண்டிய நேரத்தைக் காட்டும்.

செயற்படும் முறை

மீயுறிஞ்சு பலபடிகளில் பெரிதும் பயன்படுவது சோடியம் பாலிஅக்ரிலேட்டு. உலர்ந்த நிலையில் இது சர்க்கரை போன்ற வெண்ணிறத் துகள். இதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று வலைபோல் பிணைக்கப்பட்டிருக்கும். சங்கிலிகளில் உள்ள சோடியம் அயனிகளின் செறிவு காரணமாகச் சவ்வூடுபரவல் முறையில் நீர் உள்ளே இழுக்கப்படும். வலை விரிந்து கூழ்மமாகும். பிணைப்புகள் இருப்பதால் அது கரைந்து போவதில்லை.

தூய நீராயின் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கை இது உறிஞ்சும். சிறுநீரில் உப்புகள் இருப்பதால் அந்த அளவு ஏறத்தாழ 30 மடங்காகக் குறைந்துவிடும். பஞ்சு நீரை உறிஞ்சினாலும் அழுத்தினால் வெளிவிட்டுவிடும். பலபடியோ குழந்தை அதன்மீது உட்கார்ந்தாலும் பெருமளவு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் ஈரமாகாமல் இருப்பதற்கு இப்பண்பே காரணம்.

நன்மைகள்

தோல் பாதுகாப்பு

அணையாடைத் தோலழற்சி என்பது குழந்தைகளின் புட்டம், தொடை, பிறப்புறுப்புப் பகுதிகளில் தோல் சிவந்து எரியும் நிலை. ஈரத்தில் ஊறிய தோல் மென்மையடைந்து உராய்வினால் எளிதில் சிதையும். மலத்திலுள்ள நுண்ணுயிரிகளின் யூரியேசு என்ற நொதியம் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். இதனால் இயல்பாக இலேசான அமிலத்தன்மை கொண்ட தோலில் காரத்தன்மை கூடும். காரச்சூழலில் மலத்திலுள்ள புரதம், கொழுப்பு ஆகியவற்றைச் சிதைக்கும் நொதியங்கள் முனைப்புடன் செயற்பட்டுத் தோலை அரிக்கும். சிறுநீரும் மலமும் கலந்து நெடுநேரம் தோலில் படுவதே இங்கு முதன்மையான தீங்கு.

மீயுறிஞ்சு பலபடி கொண்ட அணையாடை சிறுநீரை உள்ளே இழுத்து, தோலின் ஈரத்தையும் காரத்தன்மை உயர்வையும் குறைக்கிறது என 1980களில் நடந்த மருத்துவ ஆய்வுகள் காட்டின. ஆயினும் 2006 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, ஒருமுறை பயன்படுத்தும் அணையாடை தோலழற்சியைத் தடுக்கிறது என்பதை ஏற்கவோ மறுக்கவோ போதிய தரமான சான்றுகள் இல்லை என்று முடிவு கூறியது. ஆகவே ஈரத்தைக் குறைக்கும் என்பது உறுதியாயினும், எந்த வகை அணையாடையாயினும் அடிக்கடி மாற்றுவதே நோயைத் தடுக்கும் வழி.

தொற்றுப் பரவல் குறைதல்

குழந்தைகளின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசு போன்ற கிருமிகள் அதன் வழியாகவே பரவுகின்றன. துணியின் ஓரங்களில் கசியும் மலம் பாய், தரை, விளையாட்டுப் பொருள், பராமரிப்பாளரின் கை ஆகியவற்றில் படியும். அமெரிக்கக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வுகளில், ஒருமுறை பயன்படுத்தும் அணையாடையும் அதன்மேல் ஆடையும் அணிந்த குழந்தைகள் இருந்த அறைகளில் மலக்கிருமிகள் படிவது குறைவாக இருந்தது. பல குழந்தைகள் ஒன்றாக வளரும் காப்பகங்களில் இந்நன்மை கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

வேலைச்சுமை குறைதல்

பேற்றுக்குப் பிந்தைய வாரங்களில், குறிப்பாக அறுவைப் பேறு ஆன தாய்க்கு, குனிந்து துணி அலசுவதும் ஈர வாளியைத் தூக்குவதும் கடினம். உதவிக்கு ஆள் இல்லாத தனிக்குடும்பங்களிலும், வேலைக்குத் திரும்பும் தாய்மாருக்கும் அணையாடை பெரும் துணையாகிறது. மழைக்காலத்தில் துணி காயாத வீடுகளிலும், வெயில் படும் மொட்டைமாடியோ கொல்லையோ இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பகுதிகளிலும் இதன் பயன் வெளிப்படை.

பயணமும் இரவு உறக்கமும்

பேருந்து, தொடர்வண்டிப் பயணங்களிலும் மருத்துவமனைக் காத்திருப்பிலும் குழந்தையின் ஆடையும் தூக்கி வைத்திருப்பவர் ஆடையும் நனைவதில்லை. நனைந்த துணி குளிர்ந்து குழந்தையின் உறக்கத்தைக் கலைப்பது உண்டு. அணையாடை அணிந்த குழந்தைக்கு அந்த இடையூறு குறைவதால் பெற்றோருக்கும் ஓய்வு கிடைக்கிறது.

மருத்துவக் கண்காணிப்பு

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அணையாடையை அணிவிக்கும் முன்னும் கழற்றிய பின்னும் எடைபோட்டுச் சிறுநீர் அளவைக் கணக்கிடுகின்றனர். ஒரு கிராம் எடைக் கூடுதல் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்குச் சமமாகக் கொள்ளப்படும். குறைமாதக் குழந்தைகளுக்கென மிகச் சிறிய அளவுகளிலும் அணையாடைகள் கிடைக்கின்றன.

குறைகளும் கவனிக்க வேண்டியவையும்

அணையாடையின் உறிஞ்சும் திறனே சில வேளைகளில் ஆபத்தாகவும் அமையும். துணி நனைந்தால் தாய்க்கு உடனே தெரியும். அணையாடையில் குழந்தை எத்தனை தடவை சிறுநீர் கழித்தது என்பது எளிதில் புலப்படாது. தாய்ப்பால் போதிய அளவு கிடைக்கிறதா என்பதை அறியச் சிறுநீர்க் கணக்கு நல்ல அளவுகோல். பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பின் 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு தடவையாவது நன்கு நனைந்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கின்போது நீர்த்த மலமும் உறிஞ்சப்பட்டுவிடுவதால், அதனைச் சிறுநீர் எனத் தவறாக எண்ணி, உடல் நீரிழப்பைக் கவனிக்காமல் விடக்கூடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை, வாய் உலர்தல், கண்கள் குழிதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நோயுற்ற நாள்களில் அணையாடையைக் கையில் தூக்கிப் பார்த்து அதன் கனத்தை அறிவதும், எத்தனை தடவை மாற்றப்பட்டது எனக் குறித்து வைப்பதும் பயன் தரும்.

செலவும் ஒரு தடை. நாளொன்றுக்கு ஆறு வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 4,380 அணையாடைகள் தேவைப்படும். ஒன்றின் விலை 10 ரூபாய் எனக் கொண்டால் மாதம் 1,800 ரூபாய் ஆகும். செலவைக் குறைப்பதற்காக ஒரே அணையாடையை நெடுநேரம் அணிவித்திருப்பது, அதனால் கிடைக்கும் தோல் பாதுகாப்பை இல்லாமல் ஆக்கிவிடும். அவ்வாறு செய்வதைவிட வீட்டிலிருக்கும் பகல் நேரத்தில் துணியும் இரவிலும் பயணத்திலும் அணையாடையும் பயன்படுத்துவது சிறந்தது.

பரவலான ஐயங்கள்

கால் வளைந்துவிடுமா? பிறந்த குழந்தைகளின் கால்கள் கருப்பையில் மடங்கியிருந்ததால் இயல்பாகவே சற்று வளைந்திருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் இவை தாமாக நேராகும். அணையாடை இதற்குக் காரணமன்று.

ஆண் குழந்தைகளுக்கு மலட்டுத்தன்மை வருமா? நெகிழிப் படலம் கொண்ட அணையாடைக்குள் விதைப்பையின் வெப்பம் துணியைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதாக 2000 ஆம் ஆண்டில் வெளியான செருமானிய ஆய்வொன்று தெரிவித்தது. ஆனால் அதனால் பிற்காலத்தில் மலட்டுத்தன்மை ஏற்படுவதாக நிறுவப்படவில்லை. நாளில் சிறிது நேரம் அணையாடை இன்றி விடுவது எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லது.

உள்ளிருக்கும் கூழ்மம் நஞ்சா? மிகுதியாக நனைந்த அணையாடை கிழிந்து கூழ்மத் துகள்கள் தோலில் ஒட்டினால் ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். அது தோலுக்கு நஞ்சன்று. எனினும் குழந்தை அதனை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறையான பயன்பாடு

பிறந்த குழந்தைக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மலம் கழித்தால் நேரம் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்மையான துணியால் துடைக்கலாம். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். இல்லாவிடில் மலக்கிருமிகள் சிறுநீர்ப் பாதையை அடையும்.

ஈரத்தை ஒற்றியெடுத்து, தோல் நன்கு உலர்ந்தபின் அடுத்ததை அணிவிக்க வேண்டும். முகப்பூச்சு மாவைத் தூவுவதைத் தவிர்க்க வேண்டும். அதன் நுண்துகள் குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும்.

தொப்புள்கொடி விழும் வரை அணையாடையின் மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட வேண்டும்.

இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும். தொடையில் பட்டி பதிந்த தடம் சிவந்து தெரிந்தால் அடுத்த அளவுக்கு மாற வேண்டும்.

தோல் சிவந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பு அல்லது பெட்ரோலியம் செல்லியைத் தடவலாம். தோல் மடிப்புகளுக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தோன்றினால் அது கேன்டிடா பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரின் அறிவுரையின்றி மற்றவருக்குக் கொடுத்த களிம்புகளைப் பூசக்கூடாது.

மாற்றி முடித்தவுடன் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும்.

இந்தியாவில் ஒருமுறை பயன்படுத்தும் குழந்தை அணையாடைக்கு ஐ.எஸ் 17509 என்ற இந்தியத் தர நிர்ணயம் 2021 இல் வகுக்கப்பட்டது.

சுற்றுச்சூழலும் கழித்தலும்

அணையாடையிலுள்ள நெகிழிப் பகுதிகள் எளிதில் மக்குவதில்லை. குப்பைக்கிடங்கில் அவை மிக நீண்ட காலம் கிடக்கும். எரித்தால் நச்சுப்புகை வெளிவரும். கழிவறையில் போட்டால் பலபடி ஊதிக் குழாயை அடைத்துவிடும். அந்த அடைப்பை நீக்குவதும் மனிதர்களின் வேலையாகவே முடிகிறது. ஏரி, வாய்க்கால் ஓரங்களில் வீசப்படும் அணையாடைகளை நாய்கள் கிழித்து இழுப்பதால் மலக்கழிவு நீர்நிலைகளில் கலக்கிறது.

இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய அணையாடைகளை உற்பத்தியாளர் தரும் உறையிலோ தகுந்த தாளிலோ பொதிந்து, மக்காத குப்பைத் தொட்டியில் இட வேண்டும் என வகுத்தன. உறை வழங்குவது குறித்த பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கும் விதிக்கப்பட்டது. நடைமுறையில் பல வீடுகளில் அணையாடைகள் பொதியப்படாமல் மற்றக் குப்பையுடன் கலந்தே போடப்படுகின்றன. அவற்றை வெறுங்கையால் பிரித்தெடுப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். புனே, பெங்களூரு நகரங்களில் இவ்வகைப் பொதிகளின்மேல் சிவப்புப் புள்ளி இட்டுக் கொடுக்குமாறு மக்களிடம் பரப்புரை செய்யப்பட்டது. புள்ளியைக் கண்ட பணியாளர் பொதியைத் திறக்காமல் தனியே வைத்துவிடலாம்.

வீட்டில் பின்பற்றக்கூடிய முறை எளிமையானது. முதலில் மலத்தைக் கழிவறையில் கொட்டி நீரூற்ற வேண்டும். பின்னர் அணையாடையை உள்பக்கமாகச் சுருட்டி, அதன் ஒட்டுப் பட்டைகளாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து, சிவப்புக் குறியிட்டுத் தனியே கொடுக்க வேண்டும். சப்பானில் ககோசிமா மாகாணத்திலுள்ள சிபுசி நகரில் பயன்படுத்திய அணையாடைகளைத் தனியே சேகரித்து, மரக்கூழைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் முயற்சியை யூனிசார்ம் நிறுவனம் மேற்கொண்டுள்ளது.

துணி அணையாடையுடன் ஒப்பீடு

துணி எப்போதும் சூழலுக்கு நல்லது என்றோ, இரண்டும் ஒன்றே என்றோ பொதுவாகக் கூறிவிட முடியாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கான கரியமில வாயு வெளியீடு ஒருமுறை பயன்படுத்தும் அணையாடைக்கு ஏறத்தாழ 550 கிலோகிராம் எனவும், துணி அணையாடைக்குச் சராசரியாக 570 கிலோகிராம் எனவும் மதிப்பிடப்பட்டது. துணியை வெயிலில் உலர்த்தி, துவைப்பு இயந்திரத்தை முழுமையாக நிரப்பித் துவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதனையே பயன்படுத்தினால் துணியின் அளவு வெகுவாகக் குறைந்தது. மின் உலர்த்தியைப் பயன்படுத்தினால் கூடியது. அதே நாட்டில் 2023 இல் வெளியான புதிய மதிப்பீடு துணி அணையாடையின் வெளியீடு சுமார் 25 விழுக்காடு குறைவு எனக் கணித்தது.

வெயிலில் துணி உலர்த்தும் வழக்கமுள்ள தமிழ்நாட்டிலும் இலங்கையிலும், நீர் கிடைக்கும் இடங்களில், துணிக்குச் சாதகமான சூழ்நிலை உள்ளது. நீரும் இடமும் ஆள்துணையும் குறைந்த வீடுகளில் ஒருமுறை பயன்படுத்தும் அணையாடையே தாயின் உடல்நலத்துக்கும் குழந்தையின் தோலுக்கும் ஏற்றதாக அமையலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நனைந்ததை உரிய நேரத்தில் மாற்றுவது குழந்தைக்கும், கழித்ததைப் பொதிந்து தனியே கொடுப்பது தூய்மைப் பணியாளருக்கும் தேவையான பாதுகாப்பாகும். பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள் கழிவறைப் பழக்கத்துக்கு ஆயத்தமாவதால், அக்காலத்தில் பகல்நேர அணையாடையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம்.